தொப்புள்கொடித் தமனி மட்டும் போதுமா? நிறைமாத டாப்ளர் குறித்து ஒரு வாதம்

நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கையில் 'தொப்புள்கொடித் தமனி ஓட்டம் இயல்பு' என்று இருந்தால் வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். பல வேளைகளில் மருத்துவரும்தான். 28ஆவது வாரத்தில் இந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டு. 36ஆவது வாரத்தில் அது வலுவற்றது என்பதே என் வாதம்.

தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் முறையில் ஆராயலாம் என்று ஃபிட்ஸ்ஜெரால்டும் ட்ரம்மும் டப்ளினிலிருந்து 1977இல் எழுதினார்கள். நஞ்சுக்கொடியின் நுண்குழாய்கள் அடைபட அடைபட அங்கே எதிர்ப்பு ஏறுகிறது. சிசுவின் இதயம் விரியும் கட்டத்தின் இறுதியில் ஓட்டம் குறைந்து, பிறகு நின்று, முடிவில் எதிர்த்திசையில் பாய்கிறது. ஆனால் குழாய்களில் கணிசமான பங்கு அடைபட்ட பிறகே அலைவடிவம் மாறும். நிறைமாதச் சிசுவின் ஆக்சிஜன் தேவை மிகுதி. அவ்வளவு பெரிய இழப்பு வரும்வரை அது தாக்குப்பிடிக்காது. சிறிய குறைபாட்டிலேயே தத்தளிக்கும் சிசுவுக்கும் தொப்புள்கொடி அளவு இயல்பாகவே இருக்கக்கூடும்.

அப்போது முதலில் குரல் கொடுப்பது மூளை. ஆக்சிஜன் குறைந்தால் சிசு தன் மூளைக் குழாய்களை விரித்து, இருக்கும் ரத்தத்தை அங்கே திருப்புகிறது. நடு மூளைத் தமனியின் துடிப்புக் குறியீடு, அதாவது குழாயின் எதிர்ப்பைக் காட்டும் எண், இறங்குகிறது. அதைத் தொப்புள்கொடித் தமனியின் குறியீட்டால் வகுத்தால் வருவதே மூளை–நஞ்சுக்கொடி விகிதம். அந்த வாரத்துக்குரிய 5ஆம் சதமானத்துக்குக் கீழே அது இறங்கினால், பிரசவ வலியின்போது சிசு திணறி அவசர சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது.

இங்கே கைப்பக்குவம் முக்கியம். தமனி தொடங்கும் இடத்துக்கு அருகே, கதிரின் கோணம் பூஜ்யத்தை ஒட்டியிருக்க, சிசு அசையாமலும் மூச்சசைவு இல்லாமலும் இருக்கும்போது அளக்க வேண்டும். தலைமீது ப்ரோபை அழுத்தினால் குறியீடு பொய்யாக ஏறும். ஆபத்திலிருக்கும் சிசு, அறிக்கையில் நலமாகத் தோன்றும்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? ஆபத்து மிகுந்த கர்ப்பங்களில் தொப்புள்கொடி டாப்ளர் சிசு இறப்பைக் குறைக்கிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு வழக்கமாகச் செய்வதால் அத்தகைய பலன் தெரியவில்லை. மூளை–நஞ்சுக்கொடி விகிதத்தை ஆபத்துக் குறைந்த 11,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் 37ஆவது வாரத்தை ஒட்டிச் சோதித்த 'ரேஷியோ37' ஆய்வு 2024இல் வெளிவந்தது. இறப்பு குறையவில்லை, பிறந்த குழந்தைகளின் கடுமையான நோய்நிலை குறைந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க இது போதாது. ஆனால் சிசு சிறிதாக இருப்பவர்களுக்கும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், அசைவு குறைந்ததாகச் சொல்பவர்களுக்கும் இந்த அளவை எடுக்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

விகிதம் குறைந்திருப்பதை மட்டும் வைத்து 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்கச் செய்வதும் தவறு. குறைமாதப் பிறப்பின் கேடு நிச்சயமானது. இந்த எண்ணின் கணிப்போ அப்படியல்ல. தொப்புள்கொடி நசுங்குவதையும் பிரசவம் நீண்டு இழுப்பதையும் எந்த டாப்ளரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஸ்கேன் செய்யும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'டாப்ளர் இயல்பு' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். இரு தமனிகளின் குறியீடுகளையும், விகிதத்தையும், அந்த வாரத்துக்கான சதமானத்தையும் எண்களாக எழுதுங்கள்.