நெட்வொர்க்னா என்ன? 350 வருஷத்துக்கு முன்னாடி ஒரு துணிக்கடைக்காரர் கதை

1/ "டாக்டர், லிங்க்ட்இன்ல புரொஃபைல் போட்டாச்சு, சர்டிஃபிகேட் எல்லாம் ஏத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல." ஜூனியர்ஸ் அடிக்கடி சொல்றது இது. அவங்களுக்கு நான் சொல்ற கதையை இங்கயும் எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். ஆன்டனி வான் லீவன்ஹூக், துணி வியாபாரி. நகர மன்றத்தில் ஒரு உத்தியோகமும் உண்டு. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. அன்னைக்கு அறிவியலுக்கு மொழி லத்தீன்; இவருக்கு டச்சு மட்டும்தான் தெரியும். ஆனா இவர் கையால செஞ்ச குட்டி லென்ஸ்ல தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியல. வயசு 40 ஆச்சு. அறிவியல் உலகத்துல இவரை யாருக்கும் தெரியாது.

3/ அதே ஊர்ல ஒரு இளம் டாக்டர், ரெய்னியர் டி கிராஃப். சூலகத்தில் இருக்கும் கிராஃபியன் ஃபாலிக்கிள் இவர் பேர்ல உள்ளதுதான். 1673 ஏப்ரலில் இவர் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்குக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதுவரை வந்ததை விட நல்ல மைக்ராஸ்கோப் செய்றார், அவர் பார்த்ததைப் படிச்சுப் பாருங்க என்பதுதான் சாரம்.

4/ அப்போ இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் போர் நடந்துட்டிருந்தது. டி கிராஃபுக்கோ சொந்தத் தலைவலி: சூலக ஆராய்ச்சியில் பெருமை யாருக்குன்னு ஸ்வாமர்டாமோட சண்டை. அதுக்கு நடுவுலயும் இன்னொருத்தருக்காக எழுதினார். அந்த ஆகஸ்டிலேயே இறந்துட்டார். வயசு 32.

5/ கதவைத் திறந்தது டி கிராஃப். உள்ளே நிலைச்சு நின்னது லீவன்ஹூக்கோட உழைப்பு. பூஞ்சை, பேன், தேனீயின் கொடுக்குன்னு பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பினார். டச்சுல எழுதுவார், லண்டன்ல மொழிபெயர்த்து அச்சிடுவாங்க. அன்றைய ஆன்லைன் பிரசன்ஸ்னா இதுதான்!

6/ 1676-ல தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்குன்னு எழுதினார். லண்டன் நம்பல. பாதிரியார் உட்பட எட்டு பேரைப் பார்க்க வெச்சு, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ல ராபர்ட் ஹூக் தானே செஞ்சு பார்த்து உறுதிப்படுத்தினார். 1680-ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆக்கினாங்க. ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் போனதில்லை. 1723-ல 90 வயசுல இறக்கிற வரைக்கும் கடிதம் நிக்கல.

7/ ஒரே ஒரு குறை. தன்னோட சிறந்த லென்ஸை எப்படிச் செஞ்சார், எப்படிப் பார்த்தார்னு யாருக்கும் சொல்லல. சீடர்களையும் உருவாக்கல. அவரோட அந்தத் தொழில்நுட்பமும் போச்சு. கிருமிதான் நோய்க்குக் காரணம்னு நிரூபணமாக 19-ம் நூற்றாண்டு வரை ஆச்சு. அதுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனா அவர் பூட்டி வெச்சதும் உதவல.

8/ அதனால தம்பி, தங்கச்சிகளுக்கு: பார்த்ததை, செஞ்சதை விடாம எழுதுங்க (நோயாளி யாருன்னு தெரியாதபடி). சந்தேகப்பட்டா கோபப்படாம ஆதாரம் காட்டுங்க. தெரிஞ்சதைக் கத்துக்கொடுங்க.

9/ என்னை மாதிரி சீனியர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. நல்லா வேலை செய்ற ஒரு ஜூனியரோட பேரை, அவங்க இல்லாத இடத்துல இந்த வாரம் ஒரு தடவை சொல்லுங்க. டி கிராஃப் செஞ்சது அவ்வளவுதான்.