தூத்துக்குடிக்குத் திரும்பியவர்

வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைச் சொல்லுவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் தேதி சிறைக்கதவு திறந்ததும் கதை முடிந்ததென்று எண்ணித் திரையை இறக்கிவிடுகின்றனர். அதன் பின்னரும் அவர் ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அவற்றுள் இறுதி நான்கு ஆண்டுகளை, தாம் பிரிந்து வந்த அதே கடற்கரைப் பட்டினத்தில் கழித்தார். ஊரை விட்டு வெகுதொலைவில் பிழைப்பு நடத்தும் நம்போன்றோர் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுவே என்பது என் கருத்து.

தூத்துக்குடி அவர் பிறந்த ஊரன்று. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் பிறந்தது உள்நாட்டிலுள்ள ஒட்டப்பிடாரத்தில். வக்கீல் தொழிலின் பொருட்டு 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஆகவே அது அவரே தமக்குச் சொந்தமாக்கிக்கொண்ட ஊர். உப்பளங்களும் முத்துக்குளிப்பும் பரதவர் தோணிகளும் நிறைந்த அவ்வூரில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கு யாவும் தோணியேறியே கரை சேரும். ஆயினும் கொழும்புக்குச் செல்லும் வாணிபத்திற்கும் பிரயாணத்திற்கும் அதுவே தலைவாயில். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் தாய்நாட்டை இறுதியாகக் கண்டது அக்கரையிலிருந்துதான்.

அந்தக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்கு எதிராக 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்தன. காலியாவில் மட்டும் 1,300 சாதாரணப் பிரயாணிகள் ஏறலாம். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை மேலும் மேலும் குறைத்துப் பார்த்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிதம்பரம் பிள்ளை அவர்கள் பக்கம் நின்றார். அவர்களது கோரிக்கை வென்றது. அரசாங்கத்தின் பொறுமை தீர்ந்தது. மார்ச் 12-ஆம் தேதி அவரைக் கைது செய்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அவர்மீது சாட்டிய குற்றத்தை அக்காலத்தில் இராஜத் துரோகம் என்றே தமிழில் வழங்கினர். சட்டத்தின் 124-ஏ பிரிவு சொல்வதோ அரசின்மீது வெறுப்பையும் பகையையும் தூண்டுதல் என்பதே. துரோகம் என்பதற்கு, நம்பியவரைக் கைவிடுதல் என்றன்றோ தமிழில் பொருள்? சிதம்பரம் பிள்ளை எந்த இராஜனுக்கும் நம்பிக்கை வாக்குக் கொடுத்தவர் அல்லர்.

அவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார்; அது 1909-இல், அவர் சிறையில் இருந்தபோதே வெளிவந்தது. செக்கிழுத்த கையே அதையும் எழுதிற்று. அந்த நூலைத் திறக்கும்போதெல்லாம் மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் வாய்த்த என் நாற்பது வயது அலுப்பை நான் சற்று மறைத்துக்கொள்வது வழக்கம்.

விடுதலை பெற்றவர் நேரே ஊர் திரும்ப இயலவில்லை. திருநெல்வேலி ஜில்லாவுக்குச் செல்ல அவருக்கு அனுமதி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. 1911-ஆம் ஆண்டிலேயே கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் கைமாறிவிட்டன. மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறிச் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், வறுமையே மிஞ்சியது. அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். அதைப் பற்றி இருவருக்கும் 1915-ஆம் ஆண்டு முதல் கடிதப் போக்குவரத்து நடந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அயல்நாட்டில் பாடுபட்ட தமிழர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம் அது. உள்நாட்டில் அவரைக் கொண்டாடியவர்களோ கொண்டாட்டத்தோடு நின்றுவிட்டனர்.

பின்னர்க் கோயம்புத்தூரில் சிலகாலம் இருந்தார். திருநெல்வேலியில் அவர் வழக்கைத் தொடக்கத்தில் விசாரித்த வாலேஸ் என்னும் வெள்ளைக்காரரே சன்னதைத் திருப்பித் தரக் காரணமானார். அந்த நன்றிக்காகத் தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியைப் பகைத்தவர்தாம்; ஆனால் ஒரு வெள்ளையர் செய்த உதவியை மகனின் பெயரிலேயே எழுதிவைத்தார். கோவிற்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தியபின், 1932-இல் மீண்டும் தூத்துக்குடியில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது அறுபது.

எந்தத் தூத்துக்குடிக்கு அவர் வந்தார்? 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்தது முதல் போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குச் சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. எந்தக் கடல்வழிக்காக அவர் ஜீவனத்தையே பணயம் வைத்தாரோ, அந்த வழியின் முதன்மையே வேறு துறைக்குப் போய்விட்டது. வென்றவன் கையில்கூட வெற்றி முழுதாக எஞ்சவில்லை. துறைமுகத்தில் தோணிகள் இருந்தன, மில்லின் சங்கு ஊதிற்று, பனிமய மாதா கோயில் மணி அடித்தது. போட்டி மட்டும் இல்லை.

ஊர் நன்றி கொன்றது என்று எழுதிவிடுவது எளிது. நான் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லேன். சுதேசிக் கம்பெனியில் பங்கு வாங்கியவர்களில் பலர் அவ்வூர் வியாபாரிகளே. கம்பெனி மூழ்கியபோது அவர்கள் பணமும் மூழ்கிற்று. ஒருவனை நம்பிப் பணம் இழந்தவர் நடமாடும் தெருவில் அவனே மீண்டும் வீடு எடுத்து வசிப்பதற்குச் சிறை வாழ்வினும் பெரிய துணிவு வேண்டும். தியாகி என்று தோள்மேல் தூக்குகிறவரை எதிர்கொள்ளலாம். தன் இருபத்தைந்து ரூபாயை வாய்விட்டுக் கேளாமல் கடந்து செல்பவரை எதிர்கொள்வது கடினம். ஆயினும் அவர் வேறு ஊர் தேடவில்லை.

வந்தவர் பழங்கதை பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமரவும் இல்லை. சிவஞானபோதத்திற்கு உரை கண்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கும் உரை எழுதினார். இரண்டும் 1935-இல் அச்சேறின. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் செய்த உரையைப் பதிப்பிக்கும் பணியிலும் அவர் நெடுங்காலம் உழைத்தவர். பாடபேதம் பார்த்து, பிழை திருத்தி, அச்சகத்தோடு மல்லாடும் அந்த வேலையின் மெல்லிய துன்பத்தை அறிந்தவர்க்கே அது விளங்கும். கப்பலை இழந்தவர் ஓலையையும் ஏட்டையும் காத்தார் என்று அலங்காரமாகச் சொல்லலாம். அவர் கேட்டிருந்தால் நகைத்திருப்பார். கடன் இருந்தது. தம் இறுதி நாள்களில் எழுதுவித்த உயிலில் கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டிய பாக்கிகளையும் குறித்தார்.

நோய் முற்றியபோது தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்திற்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொண்டார். 1920-இல் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்காமல் விலகி, 1927-இல் மீண்டும் சேர்ந்து சேலம் மாநாட்டில் தலைமை வகித்த காங்கிரஸ் அது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி, தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திலேயே உயிர் நீத்தார்.

2011-ஆம் ஆண்டில் அத்துறைமுகத்திற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று, நவம்பரில் நின்றுபோயிற்று.