சட்டக் கோடும் ஓதக் கோடும்: கிறிஸ்ஸி ஃபீல்டு பூங்காவை முன்வைத்து

ராணுவம் கைவிட்ட கரையோர நிலங்கள் பூங்காவாகும்போது வடிவமைப்பைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். வரைபடம் தீட்டப்படுவதற்கு முன்பே, நிலத்தை யார் யாருக்கு எனப் பிரிக்கும் சட்டம் அந்தப் பூங்காவின் தலையெழுத்தைப் பாதி எழுதிவிடுகிறது என்பதே என் வாதம். சான்பிரான்சிஸ்கோவின் கிறிஸ்ஸி ஃபீல்டு இதற்குத் தெளிவான சான்று.

ஸ்பானியர் 1776இல் நிறுவிய பிரசிடியோ படைத்தளத்தின் வடகரை அது. அதற்கு நெடுங்காலம் முன்பே ஓலோனி மக்கள் அங்கே சிப்பி சேகரித்து வாழ்ந்தனர். உவர்ச்சதுப்பும் மணற்குன்றுமாகச் சுமார் 130 ஏக்கர் விரிந்திருந்த அந்நிலத்தில் எஞ்சிய நீர்ப்பரப்பை 1915ஆம் ஆண்டின் பனாமா-பசிபிக் பொருட்காட்சிக்காகத் தூர்த்தார்கள். 1921இல் விமானத்தளம் வந்தது. மூடுபனியும் காற்றும் விமானிகளைப் பாடாய்ப் படுத்தின. 1936இல் அதன் முதன்மைப் பயன்பாடு முடிந்தது. பிறகு தார்த்தளமும் கிடங்குகளும்தான்.

இந்த நிலம் மனை வியாபாரிகளிடம் போகாததற்குக் காரணம் 1972ஆம் ஆண்டுச் சட்டம். நாடாளுமன்ற உறுப்பினர் ஃபிலிப் பர்ட்டன், ராணுவத்துக்குத் தேவையில்லாமல் போனால் பிரசிடியோ தேசியப் பூங்காத் துறையைச் சேரும் என்ற ஏற்பாட்டை அதில் சேர்த்திருந்தார். ராணுவம் வெளியேறுவது பற்றிய பேச்சே அப்போது இல்லை. அந்த முன்யோசனையால் 1994 அக்டோபர் 1 அன்று தளம் துறையின் கைக்கு வந்தது. எந்த நாட்டிலும் பின்பற்றத்தக்க முறை இது.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது தளத்தை இரண்டாகப் பிளந்தது. கரையோரம் பூங்காத் துறையிடமே இருந்தது; ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கான உட்பகுதி பிரசிடியோ அறக்கட்டளைக்குப் போனது. 2013க்குள் வாடகை முதலான வருவாயிலேயே தன்னைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்ற கட்டளையும் அதற்கு இருந்தது. மேட்டிலிருந்து டென்னசி ஹாலோ ஓடை இறங்கிக் கரைச்சதுப்பை அடையும் வழியை அந்தக் கோடு குறுக்கே வெட்டியது.

விளைவைச் சதுப்பின் வாயில் பார்க்கலாம். ஹார்கிரீவ்ஸ் நிறுவனம் வடிவமைத்து 2001 மே மாதம் திறக்கப்பட்ட சுமார் 100 ஏக்கர் பூங்காவில், பழைய விமானத்தளம் 28 ஏக்கர் புல்வெளியாக மீட்கப்பட்டது. சதுப்புக்குக் கிடைத்தது ஏறத்தாழ 18 ஏக்கர். கரையோர நீரோட்டம் ஓயாமல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் சேர்க்கிறது. வற்றத்தின்போது உள்ளிருந்து வேகமாக வெளியேறும் நீர்தான் அந்த மணலை அரித்துத் தள்ளவேண்டும். உள்ளே தேங்கும் நீரின் அளவு குறைந்தால் வேகமும் குறையும், வாய் அடைபடும், நீர் பழுதாகும். அடைபட்ட வாயை இயந்திரம் கொண்டு திறக்கவேண்டிய நிலை பலமுறை வந்தது.

புல்வெளியைக் குறை சொல்வது எளிது. ஆனால் பிரசிடியோ 1962 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். ஒரே பகலில் கண்டத்தைக் கடந்த 1924ஆம் ஆண்டின் விமானப் பயணம் முடிந்த இடமும் அதுவே. அந்த நினைவு காக்கத்தக்கதுதான். சதுப்பு வளர வேண்டியிருந்த வேறொரு திசையில்தான் உண்மையான தடை இருந்தது: அறக்கட்டளையின் பங்கில் நின்ற பழைய ராணுவப் பல்பொருள் அங்காடிக் கட்டடமும் டாயில் டிரைவ் நெடுஞ்சாலையும். வாடகையை நம்பி வாழும்படி விதிக்கப்பட்ட நிறுவனத்துக்குக் கட்டடம் வருமானம், சதுப்போ செலவு. அக்கட்டடம் இருக்கும் இடத்துக்கு வந்த மூன்று முன்மொழிவுகளையும், ஜார்ஜ் லூகாஸின் அருங்காட்சியகம் உட்பட, அறக்கட்டளை 2014 பிப்ரவரியில் நிராகரித்தது நல்ல முடிவு. அப்போதும் அந்த இடம் ஓதத்துக்கு விடப்படவில்லை.

நெடுஞ்சாலையை மாற்றிக் கட்டிய பிறகே வழி பிறந்தது. 2020இல் குவார்ட்டர்மாஸ்டர் ரீச் என்னும் ஏறத்தாழ 7 ஏக்கர் சதுப்பு, மேசன் தெருவின் அடியிலுள்ள மதகுகள் வழியே பழைய சதுப்போடு இணைந்தது. கரைப்பூங்கா திறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஓடை கடலைத் தொட்டது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் பொறியியல் அல்ல. இரு நிர்வாகங்களின் ஒப்புதலும் ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தின் நிறைவும் ஒன்றுகூடவேண்டியிருந்தது. 1996இன் எல்லைக் கோட்டை ஓடையின் நீர்ப்பிடிப்பைச் சுற்றி வரைந்திருந்தால், சதுப்பின் அளவு தொடக்கத்திலேயே முகத்துவாரத்தின் தேவையைக் கொண்டு முடிவாகியிருக்கும். புல்வெளிக்கும் வாடகைக் கட்டடங்களுக்கும் மீதி நிலத்தைப் பங்கிட்டிருக்கலாம்.