ஊர் பெயர்ந்த நாதம்

மன்னார்த் தீவிலே பழமை வாய்ந்த முஸ்லிம் ஊர்களுள் ஒன்று எருக்கலம்பிட்டி. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூராரும் வீடு வாசலைத் துறந்து புத்தளப் பகுதிக்குச் சென்றனர். ஊரை இழந்தவர் நிலத்தையும் கிணற்றையும் உடன் கொண்டுசெல்ல இயலாது. பயின்ற தொழிலும் கற்ற கலையுமே அவரோடு செல்வன. இவ்வுண்மைக்கு ஈழத்து இசை வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு.

பிடில் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தார். 1947இற் பிறந்த அவர் மகன் எல். சுப்பிரமணியம் அங்கேயே தந்தையிடம் பிடில் பயின்றார். 1958ஆம் ஆண்டு தமிழருக்கெதிராக எழுந்த இனக்கலவரம் அக்குடும்பத்தை இலங்கையை விட்டுப் பெயர்த்தது.

அக்காலத்திலே பிடில் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாகவே விளங்கியது. அது தனித்து மேடையேற வேண்டும் என்பது தந்தையின் வேட்கை. மகனோ சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவரானார். பின்னர் அத்தொழிலை விடுத்து, அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவிலே மேனாட்டு இசையில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கருநாடக இசை, இராகத்தின் வழியே மனோதர்மத்தால் வளர்வது. மேனாட்டுப் பல்லியத்திலோ பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும். ஒவ்வொரு கலைஞரும் தமக்கென எழுதப்பட்டதையே வாசிப்பர். இவ்விரு மரபுகளையும் இணைத்துச் சுப்பிரமணியம் இயற்றியதே ‘பேண்டஸி ஒன் வேதிக் சாண்ட்ஸ்’ என்னும் பல்லிய இசை. 1985ஆம் ஆண்டு, பம்பாயிற் பிறந்த சுபின் மேத்தா நடத்த, நியூ யோர்க் பில்ஹார்மோனிக் குழு அதனை வாசித்தது. வேதம் ஓதுதலிலே ஒலியின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மூன்றே நிலைகளில் அமையும். அச்சிறு வித்திலிருந்து பெரும் பல்லியம் ஒன்று வளர்ந்தது. பக்கவாத்தியமாயிருந்த பிடில், பெருங்குழுவின் நடுவே முதற்குரலாக நின்றது.

அவ்விசை 1958ஆம் ஆண்டின் துயரத்தை எடுத்துரைக்கின்றது என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஊர் மாறி, தொழில் மாறி, மரபும் விரிந்த ஒரு வாழ்வின் விளைவு அது என்பதில் ஐயமில்லை. இதனைக் காட்டி, மக்களை ஊர்பெயர்த்த செயலுக்கு நியாயம் தேடலாகாது. கலையைத் தந்தது கலவரமன்று; தந்தை தந்த கல்வியும் மகனின் உழைப்புமே. யாழ்ப்பாணம் 1958இல் ஓர் இசைக் குடும்பத்தை இழந்தது. 1990இல் எருக்கலம்பிட்டி தன் மக்களையே இழந்தது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் அவர்களுட் பலர் திரும்பினர். வேறு பலர் புத்தளத்திலேயே வேரூன்றினர். அவரவர் உடன் கொண்டுசென்றவை எவை என்பதைக் கேட்டறிந்து எழுதிவைத்தல், வரலாறு எழுதுவோரின் கடன்.