பத்தாயிரம் டொலர் தண்டம்



சென்ற மாத உரை முடிந்து பாடல் ஒலித்துக்கொண்டிருந்தபோது கலையகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. எமது வானொலியின் நீண்டகால நேயர், வயதில் மூத்தவர். "தம்பி, சின்னக் கள்ளனுக்கு மறியல், பெரிய கள்ளனுக்குத் தண்டப்பணம். இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். எங்கோ ஓர் அரசியல்வாதிக்குக் கிடைத்த இலேசான தண்டனைச் செய்தி அவரைச் சுட்டிருந்தது. "ஐயா, இதற்கு ஒரு தனி உரையே வேணும்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்குப் போவோம். 1973 ஒக்டோபர் 10, புதன்கிழமை பிற்பகல். பல்ரிமோர் நகரச் சமஷ்டி நீதிமன்றத்துக்குள் உப ஜனாதிபதி ஸ்பிரோ அக்னியூ வருகிறார். அவர் எழுந்து நின்ற அதே வேளையில் அவருடைய இராஜினாமாக் கடிதம் வெளிவிவகாரச் செயலாளர் ஹென்றி கிசிஞ்சரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. 1967ஆம் ஆண்டில் பெற்ற 29,500 டொலருக்கு வருமான வரி கட்டவில்லை என்ற ஒரேயொரு குற்றச்சாட்டு. "எதிர்த்து வாதாடப் போவதில்லை" என்கிறார். குற்றம் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. சட்டத்தில் அப்படியும் ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் நீதிபதி வால்ட்டர் ஹொஃப்மன், இந்த வழக்கைப் பொறுத்தவரை இது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தண்டனை: 10,000 டொலர் தண்டம், மூன்று வருட நன்னடத்தைக் காலம். சிறையில் ஒரு நாளும் இல்லை.

வரி ஏய்ப்பு மேல்தோல்தான். உள்ளே இருந்தது இலஞ்சம். அன்று அரச தரப்பு தாக்கல் செய்த 40 பக்க ஆவணத்தில் எல்லாம் விபரமாக இருந்தது. அக்னியூ பல்ரிமோர் கவுண்டியின் நிர்வாகத் தலைவராகவும், பின்னர் மேரிலாந்து ஆளுநராகவும் இருந்த காலத்தில், வீதி, பாலம் போன்ற ஒப்பந்தங்களைப் பெற்ற பொறியியல் நிறுவனங்கள் அவருக்குக் காசாகக் கொடுத்து வந்தன. ஒரு கட்டத்தில் பங்கு பிரிப்புக்கூட ஒழுங்காக நடந்தது: பாதி ஆளுநருக்கு, மீதி இடையில் நின்ற இருவருக்குக் காற்காற் பங்கு. உப ஜனாதிபதியான பிறகும் காசு நிற்கவில்லை.

இந்த மனிதர் நாடறிய எழும்பியதே "சட்டமும் ஒழுங்கும்" என்ற கோஷத்தில்தான் என்பதை மறக்கக்கூடாது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் பல்ரிமோரில் கலவரம் வெடித்தது. அப்போது ஆளுநராக இருந்த அக்னியூ, நகரத்தின் கறுப்பினத் தலைவர்களை அழைத்து வைத்து, கலவரக்காரரைக் கண்டிக்கவில்லை என்று அவர்களையே திட்டினார். பலர் எழுந்து வெளியே போனார்கள். அந்தப் பேச்சுத்தான் அவரை நிக்சனின் கண்ணில் பட வைத்தவற்றுள் ஒன்று. ஐந்து வருடம் கழித்து, அதே நகரத்து நீதிமன்றத்தில் அவர் பத்தாயிரம் டொலரோடு நடந்து வெளியேறியதை அந்தத் தலைவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

மக்கள் கோபம் ஒரே பக்கத்திலிருந்து வரவில்லை. சாதாரண மனிதன் இதைச் செய்திருந்தால் கம்பி எண்ணியிருப்பான் என்றார்கள் ஒரு சாரார். அவருடைய ஆதரவாளரோ, பத்திரிகைகளும் எதிரிகளும் சேர்ந்து அவரை விழுத்திவிட்டார்கள் என்றார்கள். ஒக்டோபர் 15ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய அக்னியூவும் தான் குற்றமற்றவர் என்றே விடைபெற்றார்.

முதலாவது கோபத்துக்கு ஆதாரம் தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை. இந்த விசாரணை தொடங்கியதே அக்னியூவைத் தேடி அல்ல. பல்ரிமோர் கவுண்டியில் அவருக்குப் பின் அதே கதிரையில் இருந்த டேல் அண்டர்சனைத் தேடித்தான். அதே வகைக் குற்றங்களுக்காக அண்டர்சனுக்கு 1974இல் ஐந்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. 13 மாதங்கள் சிறையில் இருந்தார். ஒரே ஊர், ஒரே பதவி, ஒரே வகைக் காசு!

அப்படியானால் ஏன் இந்தச் சலுகை? சட்டமா அதிபர் எலியட் ரிச்சர்ட்சன் தானே நீதிமன்றத்துக்கு வந்து, சிறைத்தண்டனை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி ஹொஃப்மனும், அந்த வேண்டுகோள் இல்லாவிட்டால் சிறைக்கு அனுப்பவே தன் மனம் சாய்ந்திருக்கும் என்றார். ரிச்சர்ட்சனின் கணக்கு வேறு. வோட்டர்கேட் விவகாரத்தில் நிக்சனின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் அடுத்த ஜனாதிபதி அக்னியூ. வழக்கை முழுதாக நடத்தினால் மேன்முறையீடு, அரசியலமைப்புச் சிக்கல் என்று வருடக்கணக்கில் இழுபடும். பதவியில் இருக்கும் உப ஜனாதிபதி மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யலாமா என்பதே அப்போது வாதத்தில் இருந்தது. எனவே சிறையை விட்டுக்கொடுத்து, இராஜினாமாவை வாங்கினார். பத்தே மாதத்தில், 1974 ஓகஸ்ட் 9இல் நிக்சன் பதவி விலகியபோது ஜனாதிபதியானவர் அக்னியூ அல்ல, அவரிடத்துக்கு நியமிக்கப்பட்ட ஜெரால்ட் ஃபோர்ட்.

முன்பு நானும் தொலைபேசி ஐயாவின் கட்சிதான். இப்போது, ரிச்சர்ட்சன் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அந்த 40 பக்கங்களை வெளியிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்காக அவரை மதிக்கிறேன். அதில்லாமல் பேரம் முடிந்திருந்தால், "வரியில் ஒரு சின்னப் பிழை" என்று கதை முடிந்திருக்கும்.

கோபம் வேலை செய்த கதையும் ஒன்று உண்டு. வாஷிங்டனில் ஜோன் பான்சாஃப் என்ற சட்டப் பேராசிரியரின் மாணவர்கள், தண்டனை முடிந்தது சரி, வாங்கிய காசு எங்கே என்று கேட்டார்கள். அரச பதவி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. அதை வைத்துச் சம்பாதித்த இலஞ்சம் மக்களுக்கே சொந்தம் என்பது அவர்கள் வாதம். வழக்குப் போட மேரிலாந்துவாசிகளின் பெயர் தேவைப்பட்டது. வரி கட்டும் மூன்று சாதாரண மனிதர்கள் முன்வந்தார்கள். 1976இல் வழக்குத் தாக்கலானது. பின்னர் மாநில அரசும் சேர்ந்துகொண்டது.

இடையில் அக்னியூ, தான் நிரபராதி என்று காட்ட 1980இல் ஒரு புத்தகம் எழுதினார். தன் வழக்கறிஞரோடு பேசியதை அதில் அவரே வெளியிட்டதால், அந்தப் பேச்சுக்கு இருந்த இரகசியப் பாதுகாப்பு போய்விட்டது என்றது நீதிமன்றம். பழைய வழக்கறிஞர் சாட்சிக் கூண்டில் ஏறி, காசு வாங்கியதை அக்னியூ தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். 1981இல் தீர்ப்பு வந்தது: இலஞ்சமாக 147,500 டொலர், வட்டியாக 101,235 டொலர். மேன்முறையீடுகள் தோற்று, 1983இல் கட்டி முடித்தார். 1989இல், அந்தக் காசுக்கு வரிக்கழிவு தரும்படி விண்ணப்பித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முதல் அந்த ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். "வட்டியும் கட்டினவரோ?" என்று கேட்டார்.

"கட்டினவர், ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மற்ற ஆள் எத்தனை மாதம் உள்ளுக்கு இருந்தவர் எண்டு சொன்னீர்?" என்றார்.

"பதின்மூன்று."

"ம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.