சுருள் கேசமும் அதற்குரிய பொழுதும்

ஆப்பிரிக்க மக்களின் சிரசில் இயற்கையாக வளரும் இறுகிய சுருள் கேசம் முரடானது, சீப்புக்கு அடங்காதது என்பது, அதைக் கையால் தொட்டுப் பராமரித்தறியாதவர் பரப்பிய அவதூறு. மயிர் வகைகளுள் எளிதில் முறிவது அதுவே. மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருப்பதால் இழை தட்டையாக வெளிப்பட்டுத் தன்மேல் தானே சுற்றிக்கொள்கிறது. தலைத்தோலில் ஊறும் நெய்ப்பசை நேரான மயிரில் வழிந்து நுனிவரை செல்வது போல இச்சுருள்களில் இறங்க இயலாமையால், அடியில் பிசுக்கும் நுனியில் வறட்சியுமாக நின்று, வளைவுதோறும் ஒடிகிறது. ஆகையால் ஓயாமல் சோப்பிட்டு அலசாமல், ஈரம் காயுமுன் நுனியில் தொடங்கி வேரை நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, எண்ணெயைத் தாராளமாகத் தடவிப் பின்னலிட்டுக் காப்பதே அதற்குரிய முறை. இம்முறைக்கு எண்ணெயைக் காட்டிலும் அவசியமானது பொழுது. அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட கறுப்பின மக்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று.

மேற்கு ஆப்பிரிக்காவில் பொழுதுக்குக் குறைவிருக்கவில்லை. மனிதனின் விதி சிரசிலேயே உறைகிறது என்று நம்பும் யொரூபா மக்களிடையே, தலையைப் பிறர் கையில் ஒப்படைப்பது சாமான்ய காரியமன்று. கேசத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் கறுப்பு நூலால் அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றிவிடுவது அவர்கள் வழக்கம். பார்வைக்கு அது அலங்காரம். பயனிலோ, சுருளை நீட்டி, சிக்கு விழாமலும் உராயாமலும் காக்கும் உறை. ஒரு தலையை முடிக்க நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஊர்க்கதை பேச அதனினும் நல்ல சமயம் வேறெது?

அடிமைகளாகப் பிடிபட்டவர்களின் தலையைக் கப்பலேற்றுமுன் மழித்துவிடுவது உண்டு. கடலுக்கு அப்பால், தோட்டங்களில் சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை உழைத்தவர்களுக்குத் தலைவார எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. தகுந்த சீப்பு இன்மையால் ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுக்கும் கம்பிப்பல் கருவியால் வாரினார்கள்; எண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக்கொழுப்போ வெண்ணெயோ தடவினார்கள். ஆயினும் வாரமெல்லாம் நூல் சுற்றித் துணியால் மூடிவைத்த கேசத்தை ஞாயிறன்று பிரித்து விரித்து அழகு பார்த்த பெண்கள் உண்டு. தாய்நாட்டு நூல் அறுபடவில்லை. லூயிசியானாவில் 1786-ஆம் ஆண்டு ஸ்பானியக் கவர்னர் எஸ்தேபான் மீரோ, சுதந்திரம் பெற்ற கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்டவேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களோ வண்ண வண்ணத் துணிகளை விதவிதமாகச் சுற்றி, அவமானச் சின்னத்தையே நாகரிகமாக்கிவிட்டனர். கவர்னர் தோற்றார் என்றே சொல்லவேண்டும்.

அதே லூயிசியானாவில், டெல்டா என்ற ஊரில், அடிமைகளின் விடுதலைக்குப் பின் 1867-இல் பிறந்தவர் சாரா பிரீட்லவ். 7 வயதில் அநாதையாகி, 14 வயதில் மணந்து, 20 வயதில் கைம்பெண்ணாகி, செயின்ட் லூயிஸ் நகரில் சலவைத் தொழிலால் ஜீவனம் நடத்தி மகளை வளர்த்த அந்த மாதுக்குத் தலைமயிர் உதிரத் தொடங்கியது. வீட்டுக்குள் குழாய்நீர் இன்றித் தலைமுழுகுவதே அரிதாயிருந்த அக்காலத்தில் தலைத்தோல் வியாதி ஏழைப் பெண்களிடையே சகஜம். ஆனி டர்ன்போ மலோன் என்பவர் போரோ என்ற பெயரில் விற்றுவந்த தைலத்துக்கு முதலில் விற்பனையாளராக இருந்த சாரா, பின்னர் டென்வர் நகரில் சார்லஸ் வாக்கரை 1906-இல் மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற நாமத்துடன் சொந்தத் தைலத்தை விற்கலானார். கந்தகம், தேன்மெழுகு, வாசலின், நம் வீடுகளில் உள்ள தேங்காயெண்ணெய் ஆகியவை அதில் கலந்திருந்தன. தலைத்தோல் நோய்க்குக் கந்தகம் என்பது வைத்தியர்கள் முன்பே அறிந்ததுதான். புதுமை தைலத்தில் இல்லை. தலையை அலசி, தைலத்தைத் தேய்த்து, பிரஷால் வாரி, தவறாமல் பராமரிக்கும் ஒழுங்கைப் பெண்களுக்குக் கற்பித்து, அக்கல்வியையே அவர்களுக்குப் பிழைப்பாக்கியதில்தான் இருந்தது. சலவைத் தொட்டியையும் பிறர் அடுக்களையையும் விட்டு வெளியேறிய அந்த முகவர்களுள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் 1917-இல் பிலடெல்பியாவில் மாநாடு கூடியபோது, கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்குமாறு ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள்.

வாக்கர் மயிரை நேராக்கும் வியாபாரி என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது. அவர் அதை மறுத்தார். காய்ச்சிய இரும்புச் சீப்பை அவர் கண்டுபிடித்தார் என்பது வெறும் கட்டுக்கதையாயினும், அவர் முறையில் அதற்கும் இடமிருந்தது உண்மை. வேலை கொடுப்பவனின் கண்ணுக்கு அஞ்சி வாழவேண்டிய காலத்தில் அதைக் கையிலெடுத்த பெண்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. மயிரை நேராக்கப் பின்னால் வந்த இரசாயனப் பசைகளோ வேறு ரகம். அவற்றுள் பலவற்றில் இருந்த காரம், சலவைக்காரியான சாராவின் சோப்பில் சேர்ந்த காரத்துக்கு நெருங்கிய உறவு.

1960-களில் கறுப்பின இளைஞர்கள் இரும்புச் சீப்பையும் பசையையும் எறிந்துவிட்டு, கேசத்தை அதன் இயல்பிலேயே வட்டமாக வளரவிட்டனர். ஆயினும் பின்னலுக்காகவும் சுருளுக்காகவும் வேலையும் பள்ளியும் மறுக்கப்படுவது அத்துடன் நின்றுவிடவில்லை. அதைச் சட்டத்தால் தடை செய்த முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா, ஆண்டு 2019.