பாலுக்கு நட்ட மரம், பலகையான கதை

ஜார்ஜ்டவுன் தளவாடக் கடைகளில் வெளிர்நிற நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல, நம் பெற்றோர் உளி பிடித்த அதே பால்மரத்தில் செய்தவை. அடுப்புக்கும் சூளைக்கும் போன மரம் கூடத்துக்கு வந்தது எப்படி?

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை மிகக் குறைவு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகளே. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன.

விதையில் முளைத்த மரங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போன்றவை, குணம் ஒத்துவராது. ஒரே நிரையில் ஒரு மரம் மங்கு நிறையக் கொடுக்கும். அடுத்ததில் அடிகூட நனையாது. இது ஆய்வாளருக்கு முன்பே பால் வெட்டியவருக்குத் தெரியும். நல்ல மரத்தின் மொட்டை இளங்கன்றில் ஒட்டும் முறை 1910களில் ஜாவாவில் உருவானது. ஒட்டிய கன்றெல்லாம் தாய்மரத்தின் அச்சு. 1925இல் தோன்றிய ரப்பர் ஆய்வுக் கழகம், ஜாவாவின் ஒரு வகையையும் பிராங் பெசார் தோட்டத்து வகை ஒன்றையும் கலந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வகையை உண்டாக்கியது. பழைய விதைமரம் ஹெக்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கிலோ தந்த இடத்தில், இது 1,500 கிலோவையும் தாண்டியது.

பாலைப் பார்த்தார்கள், தண்டைப் பார்க்கவில்லை. மறுநடவுக்கு வெட்டிய மரம் எரிந்தே போயிற்று. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாளில் நீலப்பூஞ்சணமும் துளைவண்டும் வந்துவிடும். போரான் உப்பேற்றி உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1980களில் அது ஏற்றுமதிச் சரக்கானது.

நியூசிலாந்தில் பைன் மரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேலை சற்று எளிது. நேரான தண்டும் உறுதியான மரமும் கிடைத்தால் போதும். பால்மரத்திடமோ இரண்டையும் கேட்க வேண்டும். பாலாகப் போன உணவு தண்டாக வராது. வெட்டத் தொடங்கியதும் மரம் பருப்பது குறைந்துவிடும். ஒரு சில கன்றுகளின் வம்சத்துக்குள்ளேயே தேடினால் போதாதென்று, 1981இல் பன்னாட்டுக் குழுவொன்று அமேசான் காட்டில் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டியது. ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்தது. பாலும் பலகையும் சேர்ந்து தரும் ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை வகைகள் 1990களில் வெளியாயின.

அதற்குள் பெருந்தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கு மாறியிருந்தன. பால் வெட்டியவரின் கூலிக் கணக்கு பாலின் எடையோடும் ரப்பர் விலையோடும் நின்றது. விழுந்த மரத்தின் விலை அதில் ஏறவே இல்லை. புதிய கன்றுகளைப் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களே நட்டார்கள்.